ஓ.பி.ஜி. படத்தில் எலும்பு நன்றாக இருந்தால் சி.டி. எதற்கு? வாய்ப் புற்றுநோயில் எக்ஸ்ரேயின் பங்கு

கேள்வியின் சாரம் இது. தந்தையாருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பல ஆண்டுகளாகப் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு வெளிப்புறம், கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில் ஆறாத புண் ஒன்று இருந்து, திசுப் பரிசோதனையில் அது புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. பல் மருத்துவமனையில் எடுத்த ஓ.பி.ஜி. படத்தை, அதாவது தாடை முழுவதையும் ஒரே பட்டையாகக் காட்டும் எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புற்றுநோய் மருத்துவமனையில் மறுபடியும் சி.டி. ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே இடத்துக்கு இத்தனை படங்கள் எதற்கு, இது வீண் செலவுதானே, இத்தனை கதிர்வீச்சினால் நோய் மேலும் கூடாதா என்பவை நீங்கள் கேட்டிருப்பவை.

சி.டி. வீண் செலவு அன்று. உங்கள் தந்தையாருக்கு எந்த அறுவை சிகிச்சை என்பதையே பெரும்பாலும் அந்தப் படம்தான் தீர்மானிக்கப் போகிறது. வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை எக்ஸ்ரே சார்ந்த படங்களுக்கு உரிய முதன்மையான வேலை, ஏற்கெனவே உறுதியான நோய் தாடை எலும்பை எட்டியிருக்கிறதா, எட்டியிருந்தால் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்துக்குச் சென்றிருக்கிறது என்று சொல்வதாகும். அந்த வேலையிலும் ஓ.பி.ஜி. போன்ற சாதாரணப் படம் ஒருதலையான சாட்சி: எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது என்று அது காட்டினால் பெரும்பாலும் நம்பலாம், அரிப்பு இல்லை என்று அது காட்டுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. உங்களுக்குச் சொல்லப்பட்ட 'ஒன்றும் இல்லை' என்பது இந்த இரண்டாவது வகை.

நோயைக் கண்டுபிடிப்பதில் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் மேலணுக்களில் தொடங்குபவை. அந்தச் சவ்வும் அதற்கு முன்னோடியான வெள்ளைப் படலமும் சிவப்புத் திட்டும் எக்ஸ்ரே படத்தில் தடமே பதிக்காது. கண்ணும் நல்ல வெளிச்சமும் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமுமே அங்கே கருவிகள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி 13 ஊராட்சித் தொகுதிகளில் சுமார் 1.9 லட்சம் பேரை உள்ளடக்கி நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் மட்டுமே பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. ஆகவே வாயில் புண்ணோடு வருபவருக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்து, அதில் குறை தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவது எந்த வகையிலும் ஏற்கத் தக்கதன்று. இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண்ணுக்கு வேண்டியது திசுப் பரிசோதனை.

உங்கள் தந்தையாருக்கு வந்திருக்கும் இடம் நம் நாட்டில் மிகவும் பழகிப்போன இடம். மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய் என்றால் நாக்கின் ஓரமும் வாயின் தரைப்பகுதியும் முதலில் நினைவுக்கு வரும். இந்தியாவில் கன்னத்தின் உட்புறமும், புகையிலையை அடக்கி வைக்கும் கன்னக் கொடுப்பும், அதையொட்டிய ஈறும் முன்னிலையில் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தில் சவ்வுக்கும் கீழ்த்தாடை எலும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் திசு இருக்கிறது. நாக்கில் தோன்றும் கட்டி எலும்பை எட்ட நெடுந்தூரம் போக வேண்டும். கொடுப்பில் தோன்றுவதோ தொடக்கத்திலிருந்தே எலும்பின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இதனால்தான் இந்தவகை நோயாளிகளில் எலும்பைப் பற்றிய கேள்வி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

இனி ஓ.பி.ஜி. எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அது எங்கே தவறும் என்பதும் புரியும். பின்லாந்தைச் சேர்ந்த பாட்டெரோ 1950-களில் வளர்த்தெடுத்த முறை இது. நோயாளி நின்றபடி ஒரு சிறு குச்சியை முன்பற்களால் கடித்துக்கொள்ள, ஒருபுறம் எக்ஸ்ரே குழாயும் எதிர்ப்புறம் பதிவுக் கருவியும் தலையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து விநாடிகளில் அரைவட்டமடிக்கின்றன. குதிரை லாட வடிவத்தில் வளைந்த தாடை, ஒரு காதிலிருந்து மறு காது வரை நீட்டி விரித்த பட்டையாகப் படத்தில் விழுகிறது. தாடை முழுவதையும் பற்கள் அனைத்தையும் மூட்டுகளையும் ஒரே பார்வையில் தருவதும், செலவு மிகக் குறைவாக இருப்பதும், வாயைத் திறக்க முடியாதவருக்கும் எடுக்க முடிவதும் இதன் பெருமைகள். புகையிலையும் பாக்கும் போடுபவர்களில் பலருக்கு வாய்ச் சவ்வுக்கு அடியிலுள்ள திசு நாராக இறுகிப்போய் வாய் இரண்டு விரற்கடை கூடத் திறக்காது என்பதால், கடைசியாகச் சொன்ன வசதி சிறியதன்று.

ஆனால் வளைந்த ஒன்றை நீட்டி விரிப்பதற்கு ஒரு விலை உண்டு. கீழ்த்தாடை எலும்புக்குக் கன்னப் பக்கம் ஒரு கெட்டியான தகடு, நாக்குப் பக்கம் ஒரு கெட்டியான தகடு, நடுவே பஞ்சு போன்ற மஜ்ஜைப் பகுதி என மூன்று அடுக்குகள் உள்ளன. ஓ.பி.ஜி. படத்தில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழலாகிவிடுகின்றன. கொடுப்பில் உள்ள கட்டி கன்னப் பக்கத் தகட்டை மட்டும் அரித்திருந்தால், பின்னால் முழுதாக இருக்கும் நாக்குப் பக்கத் தகட்டின் வெண்மை அந்தக் குழியை மூடி மறைத்துவிடும். பற்கள் இருந்த மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் அரிப்பு மட்டுமே இந்தப் படத்தில் நேர்மையாகத் தெரியும். அடுத்து, மோவாய்க்கு நேரே உள்ள நடுப்பகுதியைப் பதிவு செய்யும்போது கதிர் கழுத்தெலும்பைத் துளைத்து வருவதால் அங்கே மங்கலான வெண்பட்டை ஒன்று விழுகிறது. நடுத்தாடையில் உள்ள அரிப்பு அதற்குள் காணாமல் போகும். நோயாளி குச்சியைச் சரியாகக் கடிக்காமல் சற்று முன்னேயோ பின்னேயோ நின்றுவிட்டால் முன்பற்கள் தடித்தோ மெலிந்தோ தெரியும், அந்தப் பகுதியின் விவரமும் கலங்கிவிடும். மேல்தாடையைப் பொறுத்தவரை, அண்ணமும் சைனஸ் சுவர்களும் மூக்கின் தரையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஓ.பி.ஜி. படத்தை வைத்து நோயின் பரவலை முடிவு செய்ய முயல்வதே வீண்.

இவற்றைவிட அடிப்படையான வரம்பு ஒன்று உண்டு. எக்ஸ்ரே பார்ப்பது எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை. புற்றணுக்களை அது பார்ப்பதில்லை. எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் சாதாரணப் படத்தில் கறுப்பு மாற்றம் கண்ணுக்குப் புலப்படும் என்பது கதிரியலில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அதாவது, நோய் எலும்பில் காலடி வைத்த நாளுக்கும் படத்தில் அது தெரியும் நாளுக்கும் இடையே ஒரு காலதாமதம் எப்போதும் இருக்கிறது.

அரிப்பு தெரியும்போது அதன் விளிம்பைப் படிப்பதுதான் இதில் நுட்பமான பகுதி. சில கட்டிகள் அகன்ற முகப்போடு எலும்பை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு இறங்குகின்றன. படத்தில் அது வழவழப்பான விளிம்புள்ள, கிண்ணம் போன்ற பள்ளமாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டிக்கும் எலும்புக்கும் இடையே நார்த்திசுவாலான ஒரு படலமும் எலும்பைக் கரைக்கும் அணுக்களின் வரிசையும் இருக்கும். வேறு சில கட்டிகள் விரல் விரலாகப் பிரிந்து மஜ்ஜைக்குள் ஊடுருவுகின்றன. அப்போது விளிம்பு கந்தலாக, செல்லரித்த பலகைபோல் ஆங்காங்கே எலும்புத் தீவுகளை விட்டுவிட்டுக் காணப்படும். நல்ல எலும்பு எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. முதல் வகையைவிட இரண்டாம் வகையில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டியும் அணுக்கள் போயிருக்கும் என்று கருதி அறுவை மருத்துவர் கூடுதல் எலும்பை எடுக்க நேரிடும். ஓ.பி.ஜி. படத்தை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்க்கும் அனுபவமுள்ள மருத்துவர் அரிப்பின் அளவைவிட அதன் ஓரத்தையே நெடுநேரம் பார்ப்பது இதனால்தான்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நம் ஊரில் புகையிலை போடும் அறுபது வயதுக்காரருக்கு ஈறு நோய் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஈறு நோயும் பற்களைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். புற்றுநோயும் அதையே செய்யும். ஈறு நோயில் எலும்பு இழப்பு பொதுவாக வாயின் பல இடங்களில், இருபுறமும் ஓரளவு ஒத்த வகையில் இருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும், மற்றப் பற்களின் நிலைக்குச் சற்றும் பொருந்தாத வகையில் எலும்பு மறைந்து, பல் குழியைச் சுற்றி வெண்கோடாகத் தெரிய வேண்டிய மெல்லிய தகடும் அழிந்து, பல் எதையும் பற்றாமல் கறுப்பு வெளியில் மிதப்பதுபோல் தெரிந்தால் சந்தேகம் வலுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டு நோயாளியை அனுப்புவதும், சில வாரங்களில் பல் பிடுங்கிய குழி மூடுவதற்குப் பதிலாகச் சதை பொங்கிக்கொண்டு வருவதும் புற்றுநோய் மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் வரலாறு. பல் பிடுங்கிய இடத்தில் சவ்வு சாதாரணமாக இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். எலும்பு நிரம்பச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே குழியின் உருவம் படத்தில் தெரிவதில் வியப்பில்லை. சதை பொங்குவதும் கீழுதடு மரத்துப் போவதும்தான் கவனிக்க வேண்டியவை. கீழுதட்டு மரப்பு என்பது தாடைக்குள் ஓடும் நரம்பை நோய் தொட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறி. எக்ஸ்ரே படத்தில் அந்த நரம்புக் குழாயின் இரு வெண்கோடுகளும் ஓரிடத்தில் அழிந்திருக்கின்றனவா, குழாய் விரிந்திருக்கிறதா என்று அப்போது தேட வேண்டும்.

எலும்பு தொடப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்குச் சிறிது பழைய கதை தேவைப்படுகிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வாய்ப் புற்றுநோய் தாடை எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையின் நிணநீர் நாளங்கள் வழியாகக் கழுத்துக்குப் போகிறது என்ற நம்பிக்கை நிலவியது. அதனால் எலும்பை நோய் தொடாதபோதும் தாடையின் ஒரு பகுதியை முழுத் துண்டாக வெட்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த மார்ச்செட்டாவும் அவருடைய சக மருத்துவர்களும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டி நேரடியாக ஒட்டி வளர்ந்தாலன்றி எலும்பு உறை பாதிக்கப்படுவதில்லை என்று காட்டியது. நோய் நேரடித் தொடர்பினால்தான் எலும்புக்குள் நுழைகிறது என்றால், நுழையாத இடத்தில் எலும்பை விட்டுவைக்கலாம். தாடையின் மேல் விளிம்பை மட்டும் சீவி எடுத்துவிட்டுக் கீழ் விளிம்பைத் தொடர்ச்சி கெடாமல் காப்பாற்றும் அறுவை முறை இந்தப் புரிதலால் உறுதிப்பட்டது.

நோயாளிக்கு இந்த இரண்டு அறுவைகளுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. மேல் விளிம்பைச் சீவினால் முகத்தின் உருவம் பெரும்பாலும் காக்கப்படும், மெல்லுவதும் விழுங்குவதும் ஓரளவு பழைய நிலைக்கு வரும். துண்டாக எடுத்தால் தாடை ஒருபுறம் சாயும். அதைச் சரிசெய்யக் காலின் சிற்றெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து வந்து பொருத்த வேண்டியிருக்கும். ஹிடால்கோ என்ற அறுவை மருத்துவர் 1989-இல் இந்த முறையைத் தாடைக்குப் பயன்படுத்தி வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது என்றாலும், பல மணி நேரம் பிடிக்கும், நுண் அறுவைத் திறன் வேண்டும், செலவும் கூடும். ஆகவே எலும்பு தப்பியிருக்கும்போது துண்டாக வெட்டுவதும் தவறு. நோய் மஜ்ஜைக்குள் போயிருக்கும்போது வெறுமனே சீவி விடுவது அதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க அறுவை மருத்துவருக்கு ஓ.பி.ஜி. படத்தின் மங்கலான விடை போதாது.

இருந்தாலும் ஓ.பி.ஜி. இந்த இடத்தில் ஓர் அளவைத் தருகிறது. மேல் விளிம்பைச் சீவிய பிறகு கீழே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்காவது எலும்பு மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் சாதாரணமாக மெல்லும்போதே தாடை முறியக்கூடும். பற்கள் உள்ள தாடை உயரமாக இருப்பதால் இதற்கு இடம் கிடைக்கும். பொக்கை வாய்க்காரர்களுக்குப் பற்கள் விழுந்த இடத்தில் எலும்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, சில சமயம் தாடையே ஒரு குச்சி அளவுக்கு மெலிந்திருக்கும். போதாக்குறைக்கு, பல் இல்லாத தாடையின் மேல் விளிம்பில் கெட்டியான மூடி முழுமையாக இருப்பதில்லை. ஆங்காங்கே உள்ள இடைவெளிகள் வழியாக நோய் நேராக மஜ்ஜைக்குள் இறங்கிவிடும். இத்தகையவர்களுக்கு எலும்பில் சிறிய அரிப்பே இருந்தாலும் துண்டாக எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். முன்பே கதிர்வீச்சு பெற்ற தாடையிலும் நோய் ஓரிடத்தில் மட்டும் நுழையும் என்று எண்ணிவிட முடியாது. ஓ.பி.ஜி. படத்தில் தாடையின் உயரத்தை அளந்து பார்க்கும்போது, எந்திரத்தைப் பொறுத்து உருவம் கால் பங்கு வரை பெரிதாகியிருக்கக் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோயின் கட்டத்தை வகுப்பதிலும் இதே நுணுக்கம் வருகிறது. புற்றுநோயின் பரவலை வகுக்கும் டி.என்.எம். முறையில், 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாட்டின்படி, நோய் தாடை எலும்பின் கெட்டித் தகட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தால் கட்டியின் அளவு எதுவானாலும் டி4ஏ, அதாவது கட்டி முற்றிய நிலை. ஆனால் ஈற்றில் தோன்றிய கட்டி எலும்பின் மேற்பரப்பையோ பல் குழியையோ சற்று அரித்திருப்பது மட்டும் டி4 என்று சொல்லப் போதாது. அறிக்கையில் 'எலும்பு அரிப்பு' என்ற சொல்லைக் கண்டவுடன் நான்காம் கட்டம் என்று குடும்பத்தார் இடிந்து போவதைப் பார்க்கிறோம். மேலோட்டமான தேய்வா, தகட்டைத் தாண்டிய துளையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரேதான் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1971-இல் சி.டி.யை உருவாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்ததிலிருந்து, அதே கதிர்கள் சுற்றிச் சுற்றி வந்து மில்லிமீட்டர் கனத் துண்டுகளாக உடலைக் காட்டுகின்றன. கன்னப் பக்கத் தகடும் நாக்குப் பக்கத் தகடும் தனித்தனியாகத் தெரிவதால் ஓ.பி.ஜி. படத்தின் முதன்மையான குறை இதில் நீங்கிவிடுகிறது. எலும்புக்கான மெல்லிய துண்டுகளும் தசைக்கான துண்டுகளும் ஒரே பதிவிலிருந்து கணினியில் உருவாக்கப்படுகின்றன. அயோடின் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தி எடுக்கும்போது கட்டி, தசை, இரத்தக் குழாய், கழுத்து நெறிக்கட்டிகள் ஆகியவையும் வேறுபட்டுத் தெரியும். இதற்கு முன்பாக சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். முன்பு எப்போதாவது இத்தகைய மருந்து ஒவ்வாமல் போயிருந்தாலும், சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கொடுப்புப் புற்றுநோய்க்கு சி.டி. எடுக்கும் முறையில் ஒரு சிறு உத்தி பெரும் பயன் தருகிறது. வாயை மூடியபடி படுத்தால் கன்னம் ஈற்றோடு ஒட்டிக்கொள்ளும்; கட்டி கன்னத்தில் தோன்றி ஈற்றைத் தொடுகிறதா, ஈற்றில் தோன்றி கன்னத்தைத் தொடுகிறதா என்று படத்தில் பிரித்தறிய முடியாது. நோயாளியை உதடுகளை இறுக மூடிக் கன்னத்தைக் காற்றால் உப்பிக்கொள்ளச் சொல்லி, மூச்சை மூக்கு வழியாக விட்டபடி சில விநாடிகள் அப்படியே இருக்கச் செய்தால், கன்னத்துக்கும் ஈற்றுக்கும் இடையே காற்று கறுப்புப் பட்டையாக நின்று இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். எந்திரத்தில் படுத்த பிறகு சொல்லிக் கொடுத்தால் முதியவர்கள் தடுமாறுவார்கள். உங்கள் தந்தையாரை வீட்டிலேயே கண்ணாடி முன் ஓரிரு முறை பழகச் சொல்லுங்கள். உலோகப் பல் உறைகளும் வெள்ளி அடைப்புகளும் படத்தில் நட்சத்திரக் கீற்றுகளாகச் சிதறி அருகிலுள்ள எலும்பை மறைப்பதால், கழற்றக் கூடிய பல்செட்டை முன்னரே கழற்றிவிட வேண்டும். நிலையான உறைகள் இருப்பதை நுட்பநரிடம் சொன்னால் கோணத்தை மாற்றி எடுப்பார்.

சி.டி. படத்தில் தாடைக்கு அப்பால் பார்க்க வேண்டியவற்றில் தலையாயது, கடைவாய்க்குப் பின்னால் மெல்லும் தசைகள் இருக்கும் இடைவெளி. நோய் அங்கே நுழைந்தால் டி4பி என்று கட்டம் உயரும். முன்பெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டதும் அறுவைக்கு வழியில்லை என்று கைவிட்டார்கள். இப்போது, தாடையின் பின்கிளையில் மேலே உள்ள அரைவட்டப் பள்ளத்தை எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குக் கீழே நின்ற நோயை முழுமையாக எடுக்க இயலும் என்றும், அதற்கு மேலே கபாலத்தின் அடித்தளத்தை நோக்கிப் போயிருந்தால் பலன் குறைவு என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். கழுத்து நெறிக்கட்டிகளைப் பொறுத்தவரை அளவு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது; நடுவே கறுத்து அழுகியிருப்பதும், உருண்டு திரண்டிருப்பதும், ஓரம் கலைந்து சுற்றுக் கொழுப்பில் பரவியிருப்பதும் சிறிய கட்டியையும் சந்தேகத்துக்கு உரியதாக்கும். புகையிலைப் புண்ணும் பல் சீழும் உள்ள வாய்க்கு வெறும் அழற்சியால் வீங்கிய கட்டிகளும் இருக்கும் என்பதால், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் உதவியோடு ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. வேண்டாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். நாக்குப் புற்றுநோய்க்கு அதுவே முதல் தெரிவு. கட்டியின் ஆழம், நரம்பு வழிப் பரவல், மஜ்ஜை மாற்றம் ஆகியவற்றில் அதன் கண் கூர்மையானது. ஆனால் மஜ்ஜையில் ஈறு நோயாலோ அண்மையில் பல் பிடுங்கியதாலோ நீர் கோத்திருந்தாலும் அதையும் நோய்போலக் காட்டிவிடும். கெட்டித் தகடு அரிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு சி.டி. தரும் விடை பொதுவாகத் திட்டவட்டமானது. மஜ்ஜைக்குள் நோய் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு எம்.ஆர்.ஐ. உதவும். இரண்டும் முரண்படும்போது, அறுவையின் நடுவே எலும்பு உறையை உரித்துக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பல் மருத்துவ நிலையங்களில் உள்ள சி.பி.சி.டி. என்ற கூம்புக் கதிர் ஸ்கேன் எலும்பின் தகடுகளை மிக நுணுக்கமாகக் காட்டும், கதிர் அளவும் குறைவு. எனினும் தசையையும் நெறிக்கட்டியையும் அது பிரித்துக் காட்டாது என்பதால் புற்றுநோய் உறுதியானவருக்கு அது சி.டி.க்கு மாற்று ஆகாது.

மார்பு எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்ப் புற்றுநோய் தொலைவில் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்கே போகும். பழைய காசநோய்த் தழும்பும் புகையால் கெட்ட நுரையீரலும் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியவை. நோய் முற்றிய கட்டத்திலோ கழுத்தில் பல கட்டிகள் இருக்கும்போதோ மார்புக்கும் சி.டி. எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

நீங்கள் ஏற்கெனவே எடுத்த ஓ.பி.ஜி. வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அறுவைக்குப் பின் கதிர் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தப் படத்துக்குத் தனிப் பயன் வரும். சுமார் 60 கிரே அளவுக்குமேல் கதிர் பெற்ற தாடையில் இரத்த ஓட்டம் குன்றி, பின்னாளில் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே இறந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் காப்பாற்ற முடியாத பற்களையும் வேர்நுனிச் சீழையும் ஓ.பி.ஜி. படத்தில் அடையாளம் கண்டு, கதிர் சிகிச்சை தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் முன்பாகவே பிடுங்கிவிடுவார்கள். அறுவை சிகிச்சையின்போதே செய்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு விதிவிலக்கு: கட்டிக்குள் நிற்கும் ஆடும் பல்லைத் தனியாகப் பிடுங்கக் கூடாது. அது கட்டியோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். பிடுங்கினால் மஜ்ஜைக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டதாகும். சிகிச்சை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தாடையில் வலியும் எலும்பு வெளித்தெரிவதும் ஏற்பட்டால், கதிரால் இறந்த எலும்பா, நோய் திரும்பியிருக்கிறதா என்று பிரிப்பது கடினம். அப்போது தொடக்கத்தில் எடுத்த படம் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

கதிர்வீச்சு பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். ஓ.பி.ஜி. ஒன்றின் கதிர் அளவு ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரோ சீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு சுமார் 2,400 மைக்ரோ சீவர்ட். ஆக அந்தப் படம் இரண்டு மூன்று நாள் சாதாரண வாழ்க்கைக்குச் சமம். கழுத்து சி.டி. சில ஆயிரம் மைக்ரோ சீவர்ட் வரை போகும், அதாவது ஓராண்டு அல்லது சற்றுக் கூடுதலான இயற்கைக் கதிர்வீச்சின் அளவு. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் இந்த அளவு இருக்கும் புற்றுநோயைக் கிளறிவிடும் என்பதற்கு அடிப்படை இல்லை. அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய மிகச் சிறிய அபாயத்தையும், எலும்பில் நோய் இருப்பது தெரியாமல் அறுவை செய்து அது ஓராண்டுக்குள் திரும்பும் அபாயத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சி.டி. எடுத்த பிறகு அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். எலும்புத் துண்டுகளை அறுவை மருத்துவர் தாமே கணினியில் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், தாளில் அச்சிட்ட படத்தில் அது இயலாது. திசுப் பரிசோதனை எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் நடந்தது, பல் ஏதேனும் பிடுங்கப்பட்டதா என்பதை ஸ்கேன் மையத்துக்குத் தரும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் காயங்களின் வீக்கம் நோயின் பரவலாக வாசிக்கப்படாமல் இருக்க அது உதவும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: கன்னப் பக்கத் தகடு முழுதாக இருக்கிறதா, நோய் மஜ்ஜைக்குள் போயிருக்கிறதா, மேல் விளிம்பைச் சீவினால் கீழே எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சும். பழைய ஓ.பி.ஜி. படத்தையும் அந்தக் கோப்பிலேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள்.